இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம்? செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஆன் ஆர்பர், கேன்டன், நோவை பக்கத்தில் குடியிருந்துகொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்தை (பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது) பார்த்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ளும் நம் தமிழ் ரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கையை இந்த 2025 ஆகஸ்ட் பொதுக்கூட்டத்தில் வைக்கிறேன். வழக்கமாக வரவேற்பு, நன்றி, வரவு செலவு என்று போகும். இந்த முறை அதையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். காரணம், கூட்டத்துக்கு வருகிறவர்கள் வடையைக் கையில் எடுத்ததும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: 2025 சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயிப்போம்?

அதற்கு முன் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷ அறிக்கையில் "ஹார்பா போனாலும் குறைந்தது 10 வெற்றி நிச்சயம்" என்று எழுதியது நான்தான். 2023 சீசனில் 15 ஆட்டம் ஆடி 15ம் ஜெயித்து, 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று அடித்துத் தேசியக் கோப்பையைத் தூக்கிய மயக்கம் அப்போது எனக்குத் தெளியவே இல்லை. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெக்கார்த்தி வைக்கிங்ஸுக்குப் போய்விட்டார், நம் அந்தக் கோப்பை அணியிலிருந்து மொத்தம் 13 பேரை என்எஃப்எல் அணிகள் எடுத்துக்கொண்டன. வீட்டில் தூண்களையெல்லாம் உருவிக்கொண்டு போன பிறகும் கூரை நிற்கும் என்று எழுதியவனை என்ன சொல்வது? கிடைத்தது 8 வெற்றி, 5 தோல்வி. எனக்கு வந்த வாட்ஸ்அப் ஸ்டிக்கர்களைத் தனி ஆல்பமாகவே வைத்திருக்கிறேன்.

சீசனின் இரண்டாவது வாரமே டெக்சஸ் நம் ஊருக்கு வந்து 31-12 என்று போட்டுத்தள்ளிவிட்டுப் போனது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 23 ஆட்டங்கள் ஜெயித்த கணக்கு அன்றோடு முடிந்தது. அப்புறம் குவார்ட்டர்பேக் நாடகம். டேவிஸ் வாரன் தொடங்கினார், அவரை உட்காரவைத்து அலெக்ஸ் ஓர்ஜியை இறக்கினார்கள், அவரை உட்காரவைத்து ஜாக் டட்டிலை இறக்கினார்கள், கடைசியில் சுற்றி வளைத்து மறுபடி வாரனிடமே வந்தார்கள். நாலு இடத்தில் பெண் பார்த்துவிட்டு முதலில் பார்த்த இடத்திலேயே முடிப்பது மாதிரி. யுஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆட்டத்தில் நாம் பந்தை எறிந்து எடுத்தது மொத்தமே 32 கெஜம். அதை ஜெயித்தோம் என்பதுதான் அதிசயம்: காலெல் மல்லிங்ஸ் 63 கெஜம் ஓடி, பிறகு 37 விநாடி மிச்சம் இருக்கும்போது கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தார், 27-24.

இந்த இடத்தில் ஒரு சிறு விளக்கம் பதிவாக வேண்டும். யுஎஸ்சி ஆட்டம் நடந்தது புரட்டாசி முதல் சனிக்கிழமை. அன்று கோழி இல்லாமல் புளியோதரையும் தயிர்சாதமும் மட்டும் கொண்டுவந்ததால்தான் ஜெயித்தோம் என்று நம் பொருளாளர் அண்ணன் அடித்துச் சொன்னார். இரண்டாவது சனிக்கிழமை மினசோட்டாவை 27-24 என்று தாண்டியதும் அவர் சொன்னது வேதவாக்காகிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை, அதே புளியோதரை, அதே தயிர்சாதம், வாஷிங்டனிடம் 27-17 என்று தோற்றோம். பொருளாளர் அண்ணன் அன்று வடகம் மறந்துபோச்சு என்றார். இலினாய், ஓரிகன், இந்தியானா தோல்விகளுக்கு அவரிடம் விளக்கம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

சரி, நவம்பர் 30க்கு வருவோம். அதை எழுதாமல் இந்த அறிக்கை முழுமையாகாது. கொலம்பஸில் நம் பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட். பந்தயக்காரர்கள் நாம் ஏறக்குறைய 20 புள்ளியில் தோற்போம் என்று விலை போட்டிருந்தார்கள். நம் முக்கிய ஆட்டக்காரர்கள் லவ்லண்ட் ஆடவில்லை, வில் ஜான்சன் ஆடவில்லை. கேன்டனில் உறுப்பினர் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் கூடினோம், ஹீட்டர் சரியாக வேலை செய்யாததால் எல்லோரும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தோம். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா, பின்வரிசை நாற்காலியில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏம்ப்பா, ஃபுட்பால்னு பேரு, ஒருத்தனும் காலால தொடவே மாட்டேங்கிறானே?" யாரும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இடைவேளையில் 10-10. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. வாரன் அன்று எறிந்து எடுத்தது 62 கெஜம், அதிலும் இரண்டு பந்து எதிராளி கைக்குப் போனது. கடைசி கட்டத்தில் மல்லிங்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு ஒரு கூட்டத்துக்குள் புகுந்தார், நின்றுவிட்டார் என்று நினைத்தோம், திடீரென்று வெளியே வந்து 27 கெஜம் ஓடினார். 45 விநாடி மிச்சம். டொமினிக் ஸ்வாடா 21 கெஜத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனதும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்த, பின்னாலிருந்து ஐயா நிதானமாகச் சொன்னார்: "இப்பத்தான் ஃபுட்பால் ஆடுறாங்க."

13-10. ஒஹாயோவை எதிர்த்துத் தொடர்ந்து நான்காவது வெற்றி. ஐயா ஜனவரியில் ஊர் திரும்பிவிட்டார். அவருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுக்கும் தீர்மானம் இந்தக் கூட்டத்தில் வரும், கை தூக்கத் தயாராக இருங்கள்.

ஆட்டம் முடிந்து நம் பையன்கள் அவர்கள் மைதான நடுவில் கொடியை நடப்போய், கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்து, இரண்டு அணியும் ஆடும் லீகான பிக் டென் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் போட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அது வேண்டாத வேலை என்பது என் கருத்து. கமிட்டியில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 31 அன்று டாம்பாவில் கொட்டுகிற மழையில் அலபாமாவையும் 19-13 என்று சாய்த்து வருஷத்தை முடித்தோம்.

ஆனால் நெஞ்சில் ஒரு முள். நம்மிடம் தோற்ற அதே ஒஹாயோ, ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று ஜெயித்துத் தேசியக் கோப்பையைத் தூக்கியது. கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் நாலு அணி ஆட்டமாக இருந்தவரை இரண்டு தோல்வியோடு உள்ளே போனவர்கள் யாரும் கிடையாது. 2024இலிருந்து 12 அணி என்று ஆக்கிவிட்டார்கள், கதவு அகலமாகிவிட்டது. "ஒஹாயோவை அடித்தால் போதும், மற்றதெல்லாம் போனஸ்" என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோமே, அந்தக் கணக்கு இனி செல்லாது. 10-2 (10 வெற்றி, 2 தோல்வி) இருந்தால் உள்ளே போகலாம், 9-3 என்றால் அலபாமா மாதிரி வாசலில் நிற்க வேண்டியதுதான். இந்த வருஷத்து எதிர்பார்ப்பு முழுக்க அந்த ஒரு வெற்றிக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த ஒரு வெற்றியை வாங்கித் தருவார் என்று ஊரே நம்பிக்கொண்டிருப்பது பிரைஸ் அண்டர்வுட்டை. கேன்டனை ஒட்டிய பெல்வில்தான் அவருடைய ஊர். நம் உறுப்பினர்கள் சிலருடைய பிள்ளைகள் அவர் ஆடிய பள்ளி ஆட்டங்களை நேரில் பார்த்திருக்கிறார்கள், 2021, 2022 இரண்டு வருஷமும் பெல்வில் மாநிலக் கோப்பை வாங்கியபோது அவர்தான் குவார்ட்டர்பேக். பள்ளி ஆட்டக்காரர்களில் நாட்டிலேயே முதல் இடம் கொடுக்கப்பட்ட பையன், எல்எஸ்யுவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போவதாகச் சொல்லியிருந்து, போன நவம்பர் 21 அன்று மனசு மாறி நம் பக்கம் வந்தார். அதற்குப் பின்னால் 1 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. சேதி வந்த இரவு நம் குழுவில் விடிய விடியப் பேச்சு. அடுத்த நாள் அலுவலகத்தில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நான் தூங்கியதை மேனேஜர் பார்த்துவிட்டார், அவரும் மிச்சிகன் ரசிகர் என்பதால் பிழைத்தேன்.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த சூடு ஆறாத பையன். யார் தொடங்குவார் என்று பயிற்சியாளர் ஷெரோன் மூர் இன்னும் வாய் திறக்கவில்லை, ஃபிரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து வந்த மிக்கி கீனும் போட்டியில் இருக்கிறார். ஆனாலும் எல்லோரும் அண்டர்வுட் என்றே பேசுகிறோம். எவ்வளவு திறமை இருந்தாலும் முதல் வெளியூர் ஆட்டம் ஓக்லஹோமாவில், இரவு ஆட்டம், காது கிழியும் சத்தம். அங்கே பந்து இரண்டு தடவை எதிராளி கைக்குப் போகாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? இந்த அணியை அந்தப் பையன் தோளில் மட்டும் ஏற்றாதீர்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டத்துக்கு ஆள் இருக்கிறார்கள்: அலபாமாவிலிருந்து வந்த ஜஸ்டிஸ் ஹெய்ன்ஸ், டாம்பா மழையில் கலக்கிய ஜோர்டன் மார்ஷல். தாக்குதலுக்குப் புதுப் பொறுப்பாளர் சிப் லிண்ட்சே, வட கரோலினாவிலிருந்து வந்திருக்கிறார். போன வருஷத்து எறியும் ஆட்டத்தைவிட மோசமாக ஆட யாராலும் முடியாது, அதனால் அவர் வேலை ஒருவகையில் சுலபம். தடுப்பில்தான் ஓட்டை. மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் இரண்டு மலைகளும் என்எஃப்எல்லுக்கு முதல் சுற்றிலேயே போய்விட்டன, 5ஆவது, 13ஆவது இடத்தில். அந்த இடத்தை யார் அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நவம்பர்.

அட்டவணையைப் பார்த்தால் கடவுள் கொஞ்சம் கண் திறந்திருக்கிறார். ஓரிகன் கிடையாது, பென் ஸ்டேட் கிடையாது. ஒஹாயோ நவம்பர் 29 நம் வீட்டுக்கே வருகிறது, 107,601 இருக்கை உள்ள மைதானத்துக்கு. நியூ மெக்சிகோ, சென்ட்ரல் மிச்சிகன், பர்டியூ இவற்றை ஜெயிக்காவிட்டால் வட்டத்தையே கலைத்துவிடலாம். செப்டம்பர் 6 ஓக்லஹோமா, 20 நெப்ராஸ்கா, அக்டோபர் 11 லாஸ் ஏஞ்சலிஸில் யுஎஸ்சி, அப்புறம் கடைசி ஆட்டம், இந்த நாலில் இரண்டை எடுத்தால் 10-2. நம் சென்ட்ரல் மிச்சிகன், நெப்ராஸ்கா ஆட்டங்களில் மூர் மைதானத்தில் இருக்க மாட்டார், எதிரணிகள் ஆட்டத்தில் காட்டும் சைகைகளைத் திருடியதாக எழுந்த பழைய விவகாரத்தில் பல்கலைக்கழகமே போட்டுக்கொண்ட தண்டனை. அவர் இல்லாமல் நெப்ராஸ்காவில் ஆடுவது எனக்கு உறுத்துகிறது. 2023இல் ஹார்பா தடையில் இருந்தபோது பென் ஸ்டேட்டை ஜெயித்துவிட்டுக் கேமரா முன் தேம்பித் தேம்பி அழுதவர் இதே மூர்தான், இந்த முறை வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்.

என் கணிப்பு 9-3. இதைச் சொன்னதும் கமிட்டியில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல் ஆனது. துணைத்தலைவி அக்கா 11-1 என்கிறார், பொருளாளர் அண்ணன் 10-2 என்றும், வடகத்தை இந்த முறை மறக்கப்போவதில்லை என்றும் சொல்கிறார். ஒஹாயோவை ஐந்தாவது தடவையும் அடித்துவிட்டு 9-3 என்றால் அது நல்ல சீசனா, கெட்ட சீசனா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம், முடிவுக்கு வரவில்லை. எனக்கு அது நல்ல சீசன். நாலு வருஷத்துக்கு முன் ஒஹாயோவிடம் அடிவாங்கியே பழகியிருந்தவர்கள் நாம், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணம் பற்றி. ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், இந்த வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கோடி 5 லட்சம் டாலர் வரை என்று நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. "மாணவர்களுக்குச் சம்பளமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். டிக்கெட்டும் டிவியும் சட்டையும் விற்று எல்லோரும் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது முழங்காலை உடைத்துக்கொண்டவன் மட்டும் சும்மா ஆட வேண்டுமா என்று நான் கேட்டேன். டாம்பாவில் வாரன் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் பேச மாட்டார்கள். பதினாறு பதினேழு வயதில் ரத்தப் புற்றுநோயை வென்று வந்த பிள்ளை அவர்.

இனி வட்டத்து விஷயங்கள், சுருக்கமாக. போன வருஷம் ஒரு ஹால் வாடகைக்குப் பேசி முன்பணமும் கொடுத்து, இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் வேறு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், முன்பணம் திரும்பி வர நாலு மாதம் ஆனது. இனி வீடுகளில்தான் கூடுவோம். ப்ரொஜெக்டர் பல்பு மாற்ற வேண்டும். கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், கையிருப்பு பற்றாக்குறை இல்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27 ஆட்டம் இல்லாத சனிக்கிழமை, நவராத்திரி நடுவே வருகிறது, கொலு அழைப்புகளையெல்லாம் அன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் 18 வாஷிங்டன் ஆட்டம், தீபாவளி 20 திங்கள், அந்த வார இறுதியில் கொண்டாட்டம் வைக்கும் நண்பர்களிடம் இப்போதே பேசி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள், போன முறை மாதிரி பட்டுவேட்டியில் ஃபோனை ஒளித்துவைத்துப் பார்க்க முடியாது. நவம்பர் 15 நார்த்வெஸ்டர்ன் ஆட்டம் சிகாகோ ரிக்லி ஃபீல்டில், பேஸ்பால் மைதானத்துக்குள் கால்பந்து. நாலு மணி நேர ஓட்டம், வேன் ஏற்பாடு செய்யலாம் என்று இருக்கிறோம், பெயர் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 15.

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 30, நியூ மெக்சிகோ, இரவு 7:30. ஹீட்டர் சரிசெய்யப்பட்ட அதே கேன்டன் பேஸ்மென்டில். ஐயா ஊரிலிருந்து வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு அப்போது விடியற்காலை 5 மணி, காப்பி போட்டுத் தயாராக இருப்பாராம்.