பௌவரை ஒரு கையெழுத்தோடு முடித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசைப் பற்றிய தங்கள் நடுப்பக்கக் கட்டுரையில், அதன் ஆட்சித் தலைவராக இருந்த குஸ்டாவ் பௌவருக்கு ஒரே வரிதான்: போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை ஏற்றவர். உண்மைதான். ஆனால் தொழிற்சங்கத்திலிருந்து ஆட்சித் தலைமைக்கு வந்தவர் ஒன்பதே மாதத்தில் தொழிற்சங்கங்களின் நெருக்குதலால் விலகினார். கட்டுரை தொட்டிருக்க வேண்டிய இடம் அது.

1870இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த பௌவர், வழக்கறிஞர் அலுவலக எழுத்தர். 1895இல் அலுவலக ஊழியர் சங்கத்துக்குத் தலைவரானார். 1903இல் பெர்லினில் மத்தியத் தொழிலாளர் செயலகத்துக்குப் பொறுப்பேற்றார். விபத்து இழப்பீடு மறுக்கப்பட்ட தொழிலாளிக்காக அரசின் காப்பீட்டு மேல்முறையீட்டு அமைப்பில் வாதாடிய இடம் அது. 1908இல் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான பொது ஆணையத்தில், தலைவர் கார்ல் லெகீனுக்கு அடுத்த இடம் அவருடையது.

1918 அக்டோபரில் புதிய தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. அந்தக் குளிர்காலத்து ஆணைகளில் எட்டு மணி நேர வேலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது டிசம்பர் 23 ஆணை. கூட்டு ஒப்பந்தக் கூலிக்குக் குறைவாகத் தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஒரு தொழிலில் பரவலாக நிலைபெற்ற ஒப்பந்தத்தை, அதில் சேராத முதலாளிக்கும் பொருந்தும் என்று அரசு அறிவிக்கலாம்.

வெர்சாய் விஷயத்திலும் ஒரு விவரம் விடுபட்டுள்ளது. 1919 ஜூன் 21இல் ஆட்சித் தலைவராகப் பதவியேற்றார். மறுநாள் நாடாளுமன்றம் 237க்கு 138 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. ஆனால் போருக்கான பொறுப்பை ஜெர்மனிமீது சுமத்துவது, ஜெர்மானியரை விசாரணைக்கு ஒப்படைப்பது ஆகிய பிரிவுகளை ஏற்கவில்லை. நேச நாடுகள் மறுத்து, ஜூன் 23 மாலை 7 மணி வரை கெடு வைத்தன. அதன் பிறகே நிபந்தனையின்றி ஏற்றார்.

1920 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பணிமன்றச் சட்டத்தின்படி 20 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களில் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் மன்றம் அமையும். பணிநீக்கத்தை எதிர்த்து அதனிடம் முறையிடலாம். இதில் மன்றங்களுக்கு அதிகாரம் போதாது என்று, சட்டம் நிறைவேறும் முன்பே ஜனவரி 13இல் நாடாளுமன்றத்தின் முன் திரண்டவர்கள்மீது காவல் படை சுட்டதில் 42 பேர் இறந்தனர். சங்கத் தலைவரின் ஆட்சியில் தொழிலாளர் சுடப்பட்டதை எந்தச் சட்டமும் ஈடு செய்யாது.

அடுத்தது ராணுவம். உடன்படிக்கைப்படி படையை ஒரு லட்சமாகக் குறைக்க வேண்டும். தன்னார்வப் படையான எர்ஹார்ட் படைப்பிரிவைக் கலைக்க உத்தரவு வந்ததும் தளபதி லுட்விட்ஸ் மறுத்தார்; மார்ச் 13 விடியலில் அந்தப் படை பெர்லினுக்குள் நுழைந்தது. கிளர்ச்சியாளரை எதிர்க்கத் தளபதிகளில் பெரும்பாலோர் முன்வரவில்லை. அமைச்சரவையில் பெரும்பாலோர் டிரெஸ்டனுக்கும் பிறகு ஸ்டுட்கார்ட்டுக்கும் போனார்கள். நாட்டைக் காத்தது பொது வேலைநிறுத்தம். பெர்லினில் ரயில், டிராம், மின்சாரம், எரிவாயு, செய்தித்தாள் எல்லாம் நின்றன. முறையான கையொப்பம் இல்லாமல் மத்திய வங்கி பணம் தரவில்லை. உயர் அதிகாரிகள் உத்தரவை ஏற்கவில்லை. ஆட்சி நடத்த ஆளும் பணமும் இல்லாமல் ஐந்தாம் நாள், மார்ச் 17இல், கிளர்ச்சியின் தலைவர் காப் ஓடிவிட்டார்.

காப் போன பிறகும் லெகீன் வேலைநிறுத்தத்தை உடனே முடிக்கவில்லை. கிளர்ச்சியாளருக்குத் தண்டனை, அமைச்சரவை மாற்றத்தில் சங்கங்களுக்குத் தீர்மானமான பங்கு, ராணுவ அமைச்சர் நோஸ்கே விலகல், நிலக்கரிச் சுரங்கங்களைப் பொதுவுடைமையாக்குதல் என 9 அம்சங்களை முன்வைத்தார். ராணுவத்தை நோஸ்கேயிடமே விட்டுவைத்திருந்த பௌவரிடம் அதற்குப் பதில் இல்லை. நோஸ்கே முதலில் போனார். மார்ச் 26இல் பௌவரும் விலகினார். அந்தப் பதவி லெகீனுக்கு வந்தது, அவர் மறுத்தார். மறுநாள் ஹெர்மன் முல்லர் பொறுப்பேற்றார்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்