ரத்தத்துக்கு விசில் அடிக்க வைப்பது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பட விமர்சனங்களில் 'சண்டைக்காட்சிகளில் ரத்தம் தெறிக்கிறது, மிரட்டல்' என்று பாராட்டோடு முடித்துவிடுகிறீர்கள். அதைப் பார்த்து தியேட்டரே ஏன் குஷியாகிறது என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

இந்தக் கேள்வியை வைத்தே ஒரு படம் எடுத்தார் ஆஸ்திரிய இயக்குநர் மிகேல் ஹானெகே. 1997-இல் வந்த 'ஃபன்னி கேம்ஸ்'. முட்டை கேட்டு வீட்டுக்குள் வரும் இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தையே வதைக்கிறார்கள், கதை அவ்வளவுதான். ஆனால் சிறுவன் சுடப்படும்போது கேமரா சமையலறையில் இருக்கிறது, நமக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, அப்புறம் பெற்றவர்கள் கிடக்கும் அந்தக் கூடத்தை கட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் பார்க்க வைக்கிறார். ரத்தம் தெறிக்க நம் கண்முன் நடப்பது ஒரே ஒரு சாவு. தாய் துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுடுகிறாள். 'அப்படிப் போடு' என்று நம் மனசு துள்ளும்போதே, மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்து அந்தக் காட்சியையே ரீவைண்ட் செய்துவிடுகிறான்!

நம் படங்களில் நடப்பது இதற்கு நேரெதிர். முதல் பாதியில் தங்கையையோ குழந்தையையோ வில்லன் சித்திரவதை செய்வதை விலாவாரியாகக் காட்டுவார்கள், அதற்கப்புறம் ஹீரோ எத்தனை தலையை வெட்டினாலும் அது நியாயம். விசில் அடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, திரைக்கதையே அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. வடபழனியில் சமீபத்தில் பார்த்த ஒரு படத்தில், அப்பா மடியில் இருந்த சின்னப் பையனும் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தணிக்கை வேண்டும் என்று கேட்கவில்லை. 2024 முதல் யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்துச் சான்றிதழ் தருகிறார்கள், ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டல்தான், யாரையும் வாசலில் தடுக்காது. அதனால்தான் விமர்சனம் முக்கியம் என்கிறேன். 1960-இல் மைக்கேல் பவல் 'பீப்பிங் டாம்' எடுத்தபோது, கொலை செய்தபடியே பெண்களின் பயத்தைப் படம்பிடிக்கும் ஒருவனின் கண்ணாலேயே நம்மைப் பார்க்க வைத்தார். பிரிட்டன் விமர்சகர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பின்னாளில் அதே படத்தைக் கொண்டாடினார்கள் என்றால், அதில் விமர்சகர்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை ஒரு வெட்டுக்குத்துப் படத்துக்கு எழுதும்போது, அந்த வன்முறை யாருடைய வலியைக் காட்டுகிறது, யாருடைய கைத்தட்டலுக்காகக் காட்டுகிறது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

— ஒரு வாசகர், சாலிகிராமம், சென்னை