வால் சக்கரத்தின் பூட்டைத் திருப்பிக் கொடுங்கள்

போர்க்கால விமான சிமுலேட்டரை (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டை) உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரத்து அப்டேட்டில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானமான ஃபோக்கே-வுல்ஃப் 190இன் வால் சக்கரத்தை என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டிக்கை (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) இழுத்தால் சக்கரம் திரும்பாமல் பூட்டிக்கொள்வதை எடுத்துவிட்டு, பெடலை மிதித்தால் கார் மாதிரி சக்கரம் திரும்பும்படி செய்துவிட்டீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது எளிது என்று காரணமும் சொன்னீர்கள். எளிதாக இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

நிஜ விமானத்தில் அந்தச் சக்கரத்துக்கும் பெடலுக்கும் தொடர்பே கிடையாது. ஸ்டிக்கை முழுசாக வயிற்றுப் பக்கம் இழுத்தால் சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும், முன்னால் விட்டால் எந்தப் பக்கமும் சுழலும். தரையில் திருப்புவதெல்லாம் பிரேக்தான். வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர் வரப்பு ஓரம் வந்ததும் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்புவாரே, அதேதான். முன்னால் 14 சிலிண்டர் பிஎம்டபிள்யூ 801 இன்ஜின் பார்வையை மறைப்பதால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போகணும், சில நேரம் ஒரு மெக்கானிக் இறக்கையில் உட்கார்ந்து கையைக் காட்டி வழி சொல்வார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பூட்டுக்கென்று விமானி தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது. ஓட்டம் தொடங்கும்போது வால் எழும்பாமல் இருக்க எப்படியும் ஸ்டிக்கை இழுத்துத்தான் பிடிப்பார், மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட இறங்கும்போதும் கை அங்கேதான் இருக்கும். பூட்டு தேவைப்படுகிற இரண்டு நேரத்திலும் அது தானாக விழுந்துவிடும்.

இப்போது என்ன ஆகிறது? வெள்ளிக்கிழமை ராத்திரி 11 தடவை மேலே கிளம்பப் பார்த்தேன். இன்ஜின் வேகம் கூடக்கூட மூக்கு இடது பக்கம் இழுக்கும், அதைச் சமாளிக்க வலது பெடலை மிதித்தால் வாலில் இருக்கும் சுக்கானோடு வால் சக்கரமும் சேர்ந்து திரும்பி விமானம் வலது பக்கம் பாய்கிறது, சரி என்று இடதை மிதித்தால் அந்தப் பக்கம் இன்னும் மோசமாகப் பாய்கிறது, எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிற விமானம் ஒரு தடவை சுற்ற ஆரம்பித்தால் நிற்காது. 7 தடவை இறக்கை தரையில் உரசியது. பல வருஷமாக ஓட்டுகிற எனக்கே இந்த நிலை என்றால் புதியவர்களுக்கு எது எளிதாகிறது?

இன்னொரு ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐயும் இதே அச்சில் வார்த்துவிட்டீர்கள். அதன் சக்கரக் கால்கள் உடம்போடு பொருத்தப்பட்டவை. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் சக்கரத்திலேயே நிற்கும் என்பது அதில் லாபம், சக்கரங்கள் நெருக்கமாகிப்போனது நஷ்டம். 190இன் அகலமான கால்களோடு அது தரையில் ஒரே மாதிரி நடக்கவே முடியாது. பிந்தைய 109களில் வால் சக்கரத்தைப் பூட்ட ஒரு நெம்புகோல் வைத்தார்கள். அதையும் காணவில்லை.

என் முதல் கடிதத்துக்கு வந்த பதிலில் வால் சக்கரம் ஒரு சின்ன விஷயம் என்று இருந்தது. 1942 ஜூலை 18 அன்று மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்ற ஜெர்மன் போர் விமானம் ஜெட் இன்ஜின்களை மட்டும் நம்பி முதன்முதலாகப் பறந்தபோது அதற்கும் வாலில்தான் சக்கரம். வால் தாழ்ந்தே இருந்ததால் எலிவேட்டருக்கு (மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் தகட்டுக்கு) காற்றில் பிடிப்புக் கிடைக்கவில்லை. அதை ஓட்டிய சோதனை விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை லேசாகத் தட்டி வாலை எழுப்பித்தான் கிளம்பினார். அப்புறம் சக்கரத்தையே மூக்குக்கு மாற்றினார்கள். ஒரு விமானத்தின் வடிவத்தையே மாற்றிய விஷயம் எப்படிச் சின்னதாகும்?

மேகம் அழகாகியிருக்கிறது, பெயின்ட் உரிவதுகூடத் தெரிகிறது, அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டிலும் கண்ணுக்குத் தெரிகிறதுதான் வளர்கிறது, கைக்கும் காலுக்கும் தெரிகிறது குறைந்துகொண்டே போகிறது. காசு கொடுத்து வாங்குகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் நீட்டிவிட்டேன். கேட்பது இவ்வளவுதான்: 190க்கு ஸ்டிக்கோடு சேர்ந்த பூட்டையும், பிந்தைய 109க்கு அதன் நெம்புகோலையும் திருப்பிக் கொடுங்கள். பெடலில் திரும்புவது சிலருக்கு வேண்டுமென்றால் அது அமைப்புகளில் ஒரு தேர்வாக இருக்கட்டும். அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் யாராவது ஓட்டிச் சோதிக்க வேண்டுமென்றால் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள், எந்த ராத்திரியானாலும் வருகிறேன்.

அன்புடன்,
190ஐ விடாமல் ஓட்டுகிற ஒருவன்