பருவ நிறைவுக் கடிதம்: உடல்நல அட்டையும் பிள்ளைகளின் சாப்பாடும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. தேர்வுகள், விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டு பரிசுகளும் வாங்கியிருக்கிறார்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் துணைநின்ற உங்களுக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் பேசியே ஆகவேண்டிய ஒரு விஷயம்.

பருவத் தொடக்கத்தில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உயரமும் எடையும் அளந்து, உடல்நல அட்டையை மூடிய உறையில் வீட்டுக்கு அனுப்பினோம். அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. சில மாணவிகள் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தோழிகளுக்குப் பங்கு வைத்துவிடுகிறார்கள். டப்பா காலியாக வருவதால் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பிள்ளை காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு எதுவுமே சாப்பிடவில்லை. கேட்டபோது, "வெயிட் குறையணும் மிஸ்" என்றாள். அவளுடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். வயதுக்கு ஏற்ற எடைதான்.

அந்த அட்டையை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்தான் பி.எம்.ஐ. அது 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்பது பெரியவர்களுக்கான கணக்கு. 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தனி அளவுகோல் வெளியிட்டது. அதில் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு முதலில் உடம்பு சற்றுப் பூசினாற்போல ஆகி, பிறகு மளமளவென்று உயரம் கூடும். பருவமடையும் பெண் பிள்ளைகளின் உடலில் கொழுப்பு கொஞ்சம் கூடுவது இயற்கை. ஆகவே ஒருமுறை அளந்த எண்ணை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எடை அதிகம் என்று மருத்துவரே சொன்னாலும், வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை. எடையை மேலும் ஏறவிடாமல் வைத்திருந்தாலே, உயரம் கூடக் கூடச் சரியாகிவிடும்.

இதனால் அதிக எடையை லேசாக எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. உலக அளவில் 5 முதல் 19 வயதினரில் அதிக எடை உள்ளவர்கள் 1990-இல் 8 சதவீதம்; 2022-இல் 20 சதவீதம். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமும் இல்லை, நேரமும் இல்லை. டியூஷன் முடிந்து வந்தால் கையில் போன், இரவு வெகுநேரம் விழிப்பு, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு வேன் ஏறுவது. பசி தாங்காமல் பத்து மணிக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். அதே வகுப்பில் வயதுக்கேற்ற எடை இல்லாத பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கப் பருமனாக இருக்கும் பிள்ளைக்கே இரும்புச்சத்துக் குறைவும் இருக்கலாம். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அடிக்கடி சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். சாப்பாட்டோடு டீ, காபி கொடுக்காதீர்கள். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இனிச் சொல்லப்போவதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மதிய இடைவேளையில் காவலாளியின் மேசையில் ஆன்லைனில் வாங்கிய சாப்பாட்டுப் பைகள் குவிகின்றன. தண்ணீர் பாட்டிலில் குளிர்பானம் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல். அடுத்த பருவத்திலிருந்து இவை இரண்டுக்கும் பள்ளியில் இடமில்லை. டப்பா மறந்துவிட்டால் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், பிள்ளை பசியோடு இருக்க விடமாட்டோம்.

மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் பட்டினி போடாதீர்கள். எடை குறைக்கும் பானங்களும், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பையில் கொண்டுவரும் தசை வளர்க்கும் பொடிகளும் பள்ளிக்குள் வரக் கூடாது. சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் வகுப்பாசிரியர் முன்னாலேயே, "இவன் தின்கிற தீனிக்கு மார்க் எங்கே?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பிள்ளைகள் ஒருவரையொருவர் குண்டு, ஒல்லி என்று கூப்பிட்டால் கண்டிக்கிறோம். பெரியவர்களுக்கும் அதே விதிதான். என் பள்ளிக்குள் எந்தப் பிள்ளையின் உடம்பும் கேலிப்பொருளாகக் கூடாது.

வீட்டில் பருமனான பிள்ளைக்கு மட்டும் ஒரு தட்டு, மற்றவர்களுக்கு வேறு தட்டு என்று பிரிக்காதீர்கள். மாற்றுவதானால் குடும்பம் முழுவதற்கும் மாற்றுங்கள். காலையில் கொஞ்சமாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். பருப்பு, முட்டை, காய், கீரை, பழம் என்று உங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வதே போதும். விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. இரவில் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். அதனால் உடற்கல்விப் பாடவேளையை இனி எந்தப் பாடத்துக்கும் விட்டுத்தர மாட்டோம், தேர்வு மாதத்திலும்தான். அடுத்த முறை எடை பார்ப்பது மறைப்புள்ள அறையில், ஒவ்வொருவராக நடக்கும். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

விடியற்காலையில் எழுந்து, டப்பா கட்டி, வேனுக்கு அனுப்பிவிட்டு, வேலைக்கு ஓடுகிறவர்கள் உங்களில் பலர். அந்த அவசரத்திலும் பிள்ளைக்குப் பழத்தை நறுக்கித் தனி டப்பாவில் வைத்து அனுப்புகிறீர்கள். பேரப்பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருக்கும் தாத்தா பாட்டிகளையும் தினமும் பார்க்கிறேன். உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையைப் பற்றி ஐயம் இருந்தால், பள்ளி திறந்த முதல் வாரம் மாலையில் என்னையோ பள்ளிச் செவிலியரையோ வந்து பாருங்கள். முடிந்தால் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுவோம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்