அது பிளாஸ்டிக் இல்லை!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எதிர்வீட்டு அக்கா நாலு கிலோ கோதுமை மாவைக் குப்பையில் கொட்டப் போனார். பிசைந்த மாவைக் குழாயடியில் கழுவக் கழுவ, கடைசியில் சூயிங்கம் மாதிரி இழுபடும் ஓர் உருண்டை கையில் மிஞ்சியதாம். “பாரு, பிளாஸ்டிக்!” என்றார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவிலும் அப்படித்தான் சொன்னார்களாம்.

அது குளூட்டன், கோதுமையிலேயே இருக்கும் புரதம். மாவுச்சத்து தண்ணீரோடு பாலாக ஓடிவிட, அது மட்டும் மிஞ்சுகிறது. சப்பாத்தி கிழியாமல் தேய்க்க வருவதே அதனால்தான். ஆட்டாவில், ஈரப்பதம் நீக்கிய கணக்கில், குறைந்தது 6 சதவீதம் குளூட்டன் இருக்க வேண்டும் என்று நம் உணவுத் தர விதியே சொல்கிறது. உருண்டை வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்!

சோதித்தே ஆக வேண்டுமா? சரி, ஒரு ஸ்பூன் மாவில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துக் குமிழி விட்டால் சாக்பீஸ் தூள் கலந்திருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் மாவைத் தூவினால், அளவுக்கு மீறிய தவிடு மேலே மிதக்கும். மைதா கலந்திருந்தால் மட்டும் இப்படியெல்லாம் பிடிபடாது, அதுவும் கோதுமைதானே. அதற்குப் பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு சைஸில் அச்சடித்திருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

உங்கள் நாளிதழில் இந்தக் குளூட்டன் விஷயத்தைப் படத்தோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்களேன். அக்காவிடம் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி