தக்காளி நாற்றை இந்தச் சனிக்கிழமை நட்டுவிடாதே

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி பரவாயில்லை. நெட்டையன் வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, நீ வரவில்லை என்று அவன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான், அதை நீயே பேசித் தீர்த்துக்கொள், நான் நடுவில் வரமாட்டேன். இப்போது அவசரமாக எழுதுவது உன் தக்காளிக்காக.

ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலோரம் வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு நாற்று, கீழே சனிக்கிழமை எல்லாவற்றையும் தோட்டத்தில் நடப்போவதாக ஒரு வரி. சனிக்கிழமை வேண்டாம்டா. அடுத்த சனிக்கிழமையும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் உனக்குக் கை நிற்காது, பள்ளிக்கூடத்தில் இருந்தே அப்படித்தான். ஆனால் தக்காளிக்குப் பகல் வெயில் ஒரு கணக்கே இல்லை. ராத்திரி எவ்வளவு குளிர்கிறது, மண் எவ்வளவு சூடாகியிருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. பகலில் நீ சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற அதே நாளில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார், ஜில்லென்று இருக்கும்.

கடைசி உறைபனித் தேதி போன வாரமே தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தேதி எப்படி வந்தது தெரியுமா? 30 வருடப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு வருடமும் கடைசியாக என்றைக்கு உறைபனி விழுந்தது என்று பார்த்து, அதற்குப் போட்ட சராசரி. சராசரி என்றால் ஏறக்குறைய பாதி வருடங்களில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! அதை நம்பி நடுவது நாணயம் சுண்டிப் பார்ப்பதுதான். நல்ல அட்டவணையாக இருந்தால் 50 சதவீதம், 10 சதவீதம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 10 சதவீதம் என்று இருக்கும் தேதியைப் பார், அதற்குப் பிறகு உறைபனி வர பத்தில் ஒரு வாய்ப்புதான். அப்படி ஒரு அட்டவணை கிடைக்கவில்லை என்றால் சராசரித் தேதியோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள். அதுவும் ஒரு தோராயம்தான், முடிவு மண்ணைப் பார்த்த பிறகு.

இன்னொன்று, வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஆள் உயரத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். உன் நாற்று நிற்பது தரையோடு தரையாக. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய காற்றுதான் அப்போது எல்லாவற்றையும் விடக் குளிர்ந்து கிடக்கும். நிலையத்தில் 2 டிகிரி, 3 டிகிரி என்று காட்டுகிற ராத்திரியிலேயே கீழே இலை மேல் உறைபனி படிந்துவிடும். உன் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் சரிந்து போய் அடியில் ஒரு மதில் இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அந்த மதிலில் முட்டித் தேங்கி நிற்கும். அங்கே மட்டும் நட்டுவிடாதே. மேலே, வீட்டுச் சுவரை ஒட்டி, வெயில் நேராக விழுகிற பக்கம் பார்த்து வை. சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

உன் பகுதிக்கு என்னவோ மண்டல எண் என்று சொன்னாயே, அது குளிர்காலத்தில் உச்சபட்சமாக எவ்வளவு குளிரும் என்பதை வைத்துப் போட்டது. பழமரம் ஒன்று குளிர்காலத்தைத் தாங்குமா என்று பார்க்க அது உதவும். தக்காளியை எப்போது வெளியே வைப்பது என்று அது சொல்லாது. ஒரே எண் உள்ள இரண்டு இடங்களில் வசந்தம் பல வாரம் முன்பின்னாகக்கூட வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் நட்டுவிட்டார் என்பதைத்தான் நீ ரொம்பப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அவர் அந்த மண்ணில் வருடக்கணக்காகப் புழங்குகிறவர், அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எப்போது நட்டீர்கள் என்று கேட்காதே, எந்தெந்த வருடம் கருகியது, அந்த வருடம் எப்போது நட்டிருந்தீர்கள் என்று கேள். ராத்திரியில் எதையாவது போட்டு மூடுகிறாரா என்றும் பார்.

அவர் செடி சாகாமல் நின்றாலும் அது வளர்கிறது என்று அர்த்தம் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. 0 டிகிரி வந்தால் தக்காளி செத்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும். 10 டிகிரிக்குக் கீழே ராத்திரிகள் தொடர்ந்து போனால் சாகாமலே அடிபடும் என்பதுதான் தெரிவதில்லை. வெப்பமான நாட்டு மலைச்சரிவுகளில், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் பக்கம் தோன்றிய செடி அது, குளிரைத் தாங்கும் பழக்கம் அதன் ரத்தத்திலேயே இல்லை. வேர் வேலை நிறுத்தம் செய்துவிடும், மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாமல் நிற்கும். முக்கியமாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஏறாது, அப்போது இலையின் அடியில் ஊதா தெரியும். உன் போட்டோவில் ஓரத்துத் தொட்டியில் ஒரு இலை திரும்பியிருக்கிறது பார், அதன் அடிப்பக்கம் நரம்பை ஒட்டி ஊதா ஓடியிருக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் ராத்திரியில் அந்தத் தொட்டி மண் குளிர்ந்துபோகிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால் வெளியே என்ன ஆகும் என்று யோசி. ராத்திரியில் தொட்டிகளைக் கண்ணாடியை விட்டு உள்ளே தள்ளி வை, தானாகச் சரியாகிவிடும், உரம் எதையும் கொட்டாதே.

குளிர்ந்த மண்ணில் முன்னால் நட்ட செடி முடங்கி நிற்கும்போது, இரண்டு வாரம் கழித்துச் சூடான மண்ணில் நட்ட செடி அதை எட்டிப் பிடித்துவிடும், பல நேரம் தாண்டியும் போய்விடும். அதனால் நீ எதையும் இழக்கப்போவதில்லை.

சரி, எப்போதுதான் நடுவது? ஒரு வெப்பமானி வாங்கு, சமையலறையில் குத்திப் பார்க்கிற கம்பி மாதிரி இருப்பதே போதும். நடப்போகிற இடத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கு. காலையில் எழுந்த உடனே பார், மத்தியானம் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதே, மண் குளிர்ந்து கிடக்கிற நேரத்தின் கணக்குதான் வேண்டும். ஒரு வாரம் விடாமல் எழுது. காலை அளவே 15, 16 டிகிரிக்குக் குறையாமல் நிற்கிறது, வரப்போகிற பத்து நாளும் ராத்திரி 10-க்குக் கீழே இறங்காது என்கிறார்கள் என்றால் நடு. ராத்திரி 12, 13 என்று இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் செல்சியஸ் கணக்கு. காத்திருக்கிற நாளில் மண் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து ஓரத்தை மண் போட்டு அமுக்கிவிடு, சீக்கிரம் சூடாகும். மேட்டுப்பாத்தி போட முடிந்தால் அதுவும் உதவும். வைக்கோல் மூடாக்கை இப்போது போடாதே, மண் சூடாவதை அது தடுத்துவிடும். வெயில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது வாத்தியார் ஞாபகம் வருகிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். கண் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது, ஆனால் பாத்தி ஓரம் உட்கார்ந்து புறங்கையை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்கிறார். என் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. உன்னைப் பற்றிக் கேட்டார். தோட்டம் போடுகிறாய் என்றதும் எவ்வளவு சந்தோஷம்! ஒரு தடவை பேசு அவரிடம்.

எனக்கு இங்கே உனக்கு நேர்மாறான பிரச்சினை, உனக்குக் குளிர் எப்போது போகும் என்று கவலை, எனக்கு வெயில் எப்போது ஏறும் என்று. கொஞ்ச நாளாக எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டு வருகிறது. இரண்டு பேருமே பார்க்க வேண்டியது நடுகிற நாளை அல்ல, பூக்கிற நாட்களை. பூ பிஞ்சாக மாற ராத்திரி 15-லிருந்து 21 டிகிரி வரை இருந்தால் அருமை. 13-க்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. பகல் 35, ராத்திரி 24 என்று தாண்ட ஆரம்பித்தால் இன்னொரு பக்கம் கெட்டுவிடும், மகரந்தம் உயிரிழந்துவிடும். அப்போது பூக்காம்பைக் கவனித்திருக்கிறாயா? காம்பின் நடுவில் சின்னதாக ஒரு கணு இருக்கும், அந்த இடம் முதலில் மஞ்சளாகும், பூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும், விரல் பட்டதும் அந்தக் கணுவோடு கழன்று கையில் வந்துவிடும். செடி பச்சையாக, திமுதிமுவென்று நிற்கும், ஒரு பிஞ்சு இருக்காது. உடனே உரம் போதவில்லை, பூச்சி என்று எதையாவது தெளிக்க ஓடுவார்கள். காரணம் அந்த ராத்திரி வெக்கைதான்.

அதனால் வெயில் பிரதேசத்தில் கணக்கைப் பின்னால் இருந்து போட வேண்டும். ராத்திரி 24-ஐத் தாண்டத் தொடங்குவது எந்த வாரம் என்று முதலில் பார்க்கணும். அதற்கு முன்னால் செடிக்குப் பூத்துப் பிஞ்சு பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். நட்டு முதல் பூ வர ஏறக்குறைய ஒரு மாதம், விதைத்து நாற்று தயாராக இன்னொரு மாதம். இப்படி எண்ணிக்கொண்டே பின்னால் போனால் விதைக்கிற நாள் கிடைத்துவிடும். பழுப்பதற்கும் இதே கவலை உண்டு, 30 டிகிரிக்கு மேலே சிவப்பு நிறம் உண்டாவது நின்றுபோகும், பழம் ஆரஞ்சிலேயே தங்கிவிடும். மழை பெய்கிற இடமாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடைமழைக்குள் நட்டால் வாடலும் இலைக்கருகலும், ரொம்பத் தள்ளி வறண்ட வெயிலில் நட்டால் வெள்ளை ஈயும் அது கொண்டுவருகிற இலைச்சுருட்டையும்.

உனக்கும் ஒரு பின்கணக்கு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி எப்போது வரும் என்று பார். விதைப் பொட்டலத்தில் 60 நாள், 80 நாள் என்று போட்டிருப்பது நட்ட நாளில் இருந்து, விதைத்த நாளில் இருந்து இல்லை. நடுகிற நாளோடு அதைக் கூட்டு, பழம் பறிக்க மேலே ஒரு மாதம் சேர். அது முதல் உறைபனிக்குள் அடங்கினால் இரண்டு வாரம் தள்ளி நடுவதில் பயமே இல்லை. இடிக்கிறது என்றால் அடுத்த வருடம் சீக்கிரம் காய்க்கிற ரகமாக வாங்கு, அதற்காக இந்த நாற்றுகளைக் குளிரில் இறக்கிவிடாதே.

நடுவதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்கணும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயில், ராத்திரி உள்ளே. ஜன்னல் வெளிச்சத்தில் வளர்ந்த இலை நேர் வெயிலில் வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும், காற்றில் ஆடாத தண்டு ஒடிந்துவிடும். மேகம் மூடிய நாளில், இல்லை என்றால் சாயங்காலம் நடு. உன் நாற்றெல்லாம் ஒல்லியாக நீண்டு நிற்கிறது, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் படுக்கவைத்து மண்ணில் புதை, நுனி மட்டும் மேலே நிற்கட்டும். தண்டெல்லாம் வேர் விடும். ஆழமாகக் குழி தோண்டாதே, அடிமண் இன்னும் குளிர்ந்திருக்கும். இப்போதைக்கு வேர் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்திருந்தால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்று, அது போதும்.

மண் சரியான பிறகும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாதே. பாதியை நடு, பாதியை ஒரு வாரம் தொட்டியிலேயே வைத்திரு. திடீரென்று குளிர் வந்தால் துணி போட்டு மூடு, காலையில் எடுத்துவிடு.

மாப்ளே, நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் நீ அன்றைக்குப் போனில் சொன்னது. வேலையை விட்ட பிறகு காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க இது ஒன்றுதான் இருக்கிறது என்றாய். எனக்கு அதற்கு உடனே என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த நாற்றுகள் ஒரே ராத்திரியில் கறுத்துத் தொங்குவதை நீ பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நோட்டு போடு. முதல் பூ, கடைசி உறைபனி, மண்ணின் காலை அளவு, எல்லாம் எழுது. சராசரி என்பது கடந்துபோன வருடங்களைப் பற்றியது, அதிலும் இப்போதெல்லாம் வசந்தம் முன்கூட்டி வந்துவிட்டு நடுவில் ஒரு குளிர் திரும்பி வந்து அடிக்கிறது. நாலைந்து வருடம் எழுதினால் உன் தோட்டத்தைப் பற்றி உன் நோட்டு சொல்வதை எந்த அட்டவணையும் சொல்லாது.

சனிக்கிழமை நடுவதற்குப் பதில் வெப்பமானியை மண்ணில் இறக்கு. ஏழு நாள் காலை அளவையும் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஓரத்துத் தொட்டியை ஜன்னலில் இருந்து நகர்த்தினாயா என்றும் எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்