மழை அளவையும் விளக்குங்கள்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் 'மிக கனமழை', 'சிவப்பு எச்சரிக்கை' என்று தினமும் செய்தி வருகிறது. பக்கத்திலேயே சின்னக் கட்டம் கட்டி அதன் அர்த்தத்தையும் போடுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. பெய்தால் கனமழை, 11.5 தாண்டினால் மிக கனமழை, 20.4 தாண்டினால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படிப் பார்த்தால், 20 செ.மீ. மழையில் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் மட்டும் 20,000 லிட்டர் விழும்! மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். சிவப்பு என்றதும் பலர் பள்ளி விடுமுறையைத்தான் கேட்கிறார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்காவது இது தெளிவாகத் தெரிய வேண்டும்.

– வாசகர், கடலூர்